உப்பிட்ட தண்ணீரை உள்ளளவும் நினை!



இறுதியாண்டு வந்துவிட்டாலே விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பேச்சு தவறாமல் வரும். "வேலை கிடைக்கலேன்னா என்னடா பண்ணப் போறே?" ஒருவன் சிங்கப்பூர் என்பான், இன்னொருவன் லேத் பட்டறை என்பான். இந்த வருடம் எங்கள் அறையில் அதிகம் அடிபட்டது பசுமைக்குடில்! ஆயிரம் சதுர மீட்டரில் பாலிஹவுஸ் போட்டு உள்ளே தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி வைப்பது என்று திட்டம். ஜி.ஐ. பைப் எத்தனை, ஷீட் எத்தனை மைக்ரான், மானியம் போக லோன் எவ்வளவு என்று இரண்டு பக்கம் கணக்கும் எழுதியாயிற்று. அந்த இரண்டு பக்கத்தில் தண்ணீருக்கு ஒரே ஒரு வரிதான்: "கிணறு இருக்கு." அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கிணறு இருப்பது வேறு, அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆவது வேறு. வாயில் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. நாம் முகம் சுளிக்காமல் குடிக்கிற தண்ணீரே பீன்ஸ் செடிக்கு ஆகாது. அதனால் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உப்பு கூடக் கூடத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். அந்த அளவைத்தான் மின்கடத்துதிறன், சுருக்கமாக ஈ.சி. என்கிறோம். அலகு டெசிசீமென்ஸ்/மீட்டர். ஈ.சி. 1 என்றால் ஒரு லிட்டரில் தோராயமாக 640 மில்லிகிராம் உப்பு இருக்கிறது என்று பொருள். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஈ.சி. சுமார் 2 சதவீதம் ஏறும். ஆகவே 25 டிகிரிக்குச் சரிசெய்து படிக்க வேண்டும் (இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்கள் இதை நன்றாகச் சொல்வார்கள்).

இப்போது கணக்குக்கு வருவோம். கிணற்றின் ஈ.சி. 2 என்று வையுங்கள். ஒரு லிட்டரில் 1.28 கிராம் உப்பு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால், நம்ம ஆயிரம் சதுர மீட்டருக்கு 3,000 லிட்டர். அதில் உப்பு கிட்டத்தட்ட 4 கிலோ! நூறு நாளில் 380 கிலோவைத் தாண்டும். ஐம்பது கிலோ மூட்டையில் ஏழரை மூட்டைக்கு மேல். ஏழரை என்றாலே நமக்குப் பயம்தான், இங்கே காரணத்தோடு பயப்படலாம். செடி தண்ணீரைக் குடிக்கும், உப்பில் பெரும்பகுதியை வேரடியிலேயே விட்டுவிடும். இலை வழியாக ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும்தானே? மண்ணில் சேர்ந்த உப்பு தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் இந்தப் பக்கம் இழுக்க, உப்பு அந்தப் பக்கம் இழுக்க, ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும்.

திறந்த வயலிலும் இதே உப்பு சேரத்தான் செய்கிறது. ஆனால் ஐப்பசியில் நாலு நல்ல மழை அடித்தால் அது கீழே இறங்கிவிடும். காசு வாங்காமல் மண்ணைக் கழுவித் தருகிற அந்த மழையைத்தான் நாம் லோன் போட்டு, ஷீட் போட்டுத் தடுக்கிறோம்! பசுமைக்குடிலின் அடிப்படைச் சிக்கலே இதுதான்.

இந்தச் சிக்கலில் மாட்டி, அதிலேயே வாழக் கற்றுக்கொண்ட ஓர் ஊர் உலகத்தில் உண்டு. ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் அல்மேரியா. வருட மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். அங்கே 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் குடில்கள். விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கரை வெள்ளை வெளேரென்று தெரியும். ஐரோப்பாவின் குளிர்காலக் காய்கறியில் பெரும் பங்கு இங்கிருந்துதான் போகிறது.

அவர்கள் செய்த முதல் காரியம் பிளாஸ்டிக் அல்ல, மணல். நல்ல களிமண்ணைக் கொண்டுவந்து பரப்பி, மேலே ஒரு அடுக்கு தொழுவுரம், அதன் மேல் சுமார் 10 சென்டிமீட்டர் கரட்டு மணல். கீழ்மண்ணிலிருந்து ஈரம் நுண்துளை வழியாக மேலே ஏறுவதை மணல் துண்டித்துவிடுகிறது. ஆவியாதல் குறைகிறது, உப்பும் மேலே ஏறிப் பூப்பதில்லை. கொஞ்சம் உப்பான தண்ணீரிலும் காய் எடுக்க முடிந்தது. 1960-களில் இதன் மேல் பிளாஸ்டிக் கூரை வந்தது. அப்புறம் என்ன, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின.

கடலோர நிலத்தடி நீரைப் பற்றி ஒரு விதி சிவில் மாணவனான எனக்கு மறக்காது. நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது 1 மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை கடல்நீரை அமுக்கி வைக்கும். திருப்பிப் பாருங்கள்: பம்ப் போட்டு 1 மீட்டர் இறக்கினால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏற வழி விடுகிறோம்! அல்மேரியாவில் சில பகுதிகளில் அதுதான் நடந்தது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நடந்ததும் இதே கதைதான். 1980-களில் அங்கே அரசு புதுக் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2000-க்குப் பிறகு கார்போனெராஸ் போன்ற இடங்களிலிருந்து கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர் வயலுக்கே வருகிறது. நம்ம நெம்மேலியில் குடிக்கச் செய்வதை அங்கே தக்காளிக்கும் செய்கிறார்கள்! விலை அதிகம், ஆகவே கிணற்று நீரோடு கலந்து விடுகிறார்கள். அதில் கால்சியம், மக்னீசியம் போய்விட்டிருக்கும், உரமாகத் திருப்பிச் சேர்க்க வேண்டும். போரான் மட்டும் முழுதாகப் போகாமல் தொல்லை தரும்.

நம்ம ஆட்கள் பெரும்பாலும் தவறுகிற இடம் இனிமேல்தான். "தண்ணியும் கம்மி, உப்பும் ஜாஸ்தி, அதனால அளவா விடுவோம்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் செடி குடிப்பதை மட்டும் கொடுத்தால் உப்பு முழுதும் வேரடியிலேயே தங்கும். அதைக் கீழே தள்ள ஒரு பங்கு கூடுதலாக விட்டே ஆகவேண்டும். அந்தப் பங்குக்கு ஒரு சூத்திரம் உண்டு: தண்ணீரின் ஈ.சி.யை, மண்ணில் பயிர் தாங்கும் ஈ.சி.யின் ஐந்து மடங்கிலிருந்து தண்ணீரின் ஈ.சி.யைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். தக்காளி தாங்குவது 2.5. தண்ணீர் 1.5 என்றால் 1.5/11, அதாவது 14 சதவீதம். அதே தண்ணீரில் பீன்ஸ் வைத்தால்? அது தாங்குவது 1 தான். 1.5/3.5, அதாவது 43 சதவீதம்! இது வாய்க்கால் பாசனத்துக்கு வந்த சூத்திரம், சொட்டுநீரில் இதைவிடக் குறைவாகவே போதும். ஆனாலும் எந்தப் பயிரை வைப்பது என்பதை மார்க்கெட் விலைக்கு முன்னால் கிணறு முடிவு செய்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. கீழே தள்ளிய தண்ணீர் வடிந்து போக வழி இல்லாவிட்டால் அத்தனையும் வீண்.

சொட்டுநீரில் ஒரு நல்ல குணம் உண்டு. உப்பை ஈர வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடும், வேர் நடுவில் பிழைக்கும். ஆனால் இரண்டு நாள் மோட்டார் ஓடாமல் மண் காய்ந்தால் ஓரத்து உப்பு வேருக்கே திரும்பி வரும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விட வேண்டும். தென்னை நார்க்கழிவுப் பைகளில் வளர்ப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பைக்கு அடியில் ஒரு தட்டு வைத்து வடிநீரைப் பிடித்து ஈ.சி. பார்த்தால் போதும். உள்ளே விட்டதைவிட வெளியே வருவது மிகவும் ஏறிக்கொண்டே போனால் உப்பு தங்குகிறது என்று அர்த்தம். உரமும் உப்புதான் என்பதை மறக்காதீர்கள். வழக்கமான பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, சல்பேட் ஆப் பொட்டாஷ் விலை கூடினாலும் இந்த இடத்தில் அதுதான் நல்லது.

உப்பால் லாபமே இல்லையா? உண்டு, அதுவும் அல்மேரியாவிலேயே! ராஃப் என்று ஒரு தக்காளி. உப்புத் தண்ணீரில் வளர்வதால் விளைச்சல் குறைவு, இனிப்பு அதிகம், விலையும் அதிகம். ஆனால் நம் சந்தையில் தக்காளியை எடை பார்த்து வாங்குவார்களே தவிர இனிப்புப் பார்த்து வாங்குவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மழையைத் தடுக்கிற அதே கூரைதான் மழையைப் பிடிக்கவும் போகிறது. ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 9 லட்சம் லிட்டர். நம் பயிருக்கு வருடத்துக்கு வேண்டியது சுமார் 11 லட்சம்! அத்தனையையும் சேர்த்து வைக்க முடியாது. ஆனால் 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஷீட் விரித்த ஒரு குட்டை 3 லட்சம் லிட்டர் பிடிக்கும். மேலே நிழல்வலை போட்டால் பாசியும் ஆவியும் குறையும். மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை. ஈ.சி. 3 உள்ள கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் 1.5-க்கு வந்துவிடும். ஒரு கேட் வால்வும் ஒரு மீட்டரும் போதும், நாற்றுப் பருவத்தில் மழைநீரைக் கூட்டியும் காய்ப்பருவத்தில் குறைத்தும் விடலாம்.

கிணற்று நீரைச் சோதிக்க அரசு மண் பரிசோதனை நிலையங்களிலேயே வசதி இருக்கிறது. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, நிரப்பிக் கொடுங்கள். சோடியம், குளோரைடு, போரான் அளவும் கேட்டு வாங்குங்கள். சித்திரையில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை எடுத்தால் இரண்டு எண் வரும். ஷீட்டுக்கு ஆர்டர் கொடுக்குமுன் கணக்குப் போடவேண்டியது அதில் பெரிய எண்ணை வைத்து.