வானம் பார்த்த பூமி – 7: முதல் மழையும் இரண்டாம் மழையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் கரிசல் காடுகளில் புரட்டாசி பிறந்துவிட்டால், மழை வருமா என்ற கேள்வியைக் காட்டிலும், வருகிற முதல் மழை விதையை முளைக்கவிட்டு, முளைத்த பயிரைத் தாங்க இரண்டாம் மழை வருவதற்குள் நிலம் காய்ந்துவிடுமா என்ற கேள்வியே சம்சாரிகளைப் பெரிதும் அலைக்கழிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்நிலத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பாலும் காற்றை மட்டுமே தருவதால், ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 800 மி.மீ. மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கிடைத்தாக வேண்டியிருக்கிறது. பருத்தி, சோளம், மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு ஆகிய மானாவாரிப் பயிர்களின் வாழ்வும் சாவும் அந்த மூன்று மாதங்களுக்குள் அடங்குவன.

இந்நிலத்தின் பழக்கமான ஏற்பாடு புழுதி விதைப்பு ஆகும். மழைக்கு முன்பே, ஈரமற்ற காய்ந்த மண்ணில் விதையை இட்டுவைத்து, மழை விழுந்ததும் அது தானே முளைக்கும்படி விடுவதற்கு இப்பெயர். கரிசல் மண் நனைந்துவிட்டால் மாடும் டிராக்டரும் நாட்கணக்கில் உள்ளே இறங்க முடியாது என்பதும், மழை பெய்த பிறகு விதைக்கக் காத்திருந்தால் முதல் ஈரம் வீணாகிவிடும் என்பதும் இதற்குக் காரணங்கள். இதில் நுட்பம் ஆழத்தில் இருக்கிறது. விதை ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்தில் கிடந்தால், மேல்மண்ணை மட்டும் நனைத்துச் செல்லும் தூறல் அதை எழுப்புவதில்லை. சுமார் 20 மி.மீ. அளவுக்கு மழை கிடைத்து ஈரம் அந்த ஆழத்துக்கு இறங்கினால்தான் விதை கண் திறக்கிறது. மேலாக விழுந்த விதையோ சிறுமழைக்கே ஏமாந்து முளைவிட்டு, அடுத்த வாரத்து வெயிலில் கருகுகிறது. ஆழத்தையே காவலாக வைத்த இந்த யோசனைக்கு இணையான எளிய தொழில்நுட்பம் வேளாண்மையில் அதிகம் இல்லை.

ஆகவே வானிலை அறிக்கையைப் படிக்கும்போது, எவ்வளவு மழை, எத்தனை இடங்களில் என்ற இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைக் கனமழை என்கிறது, 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. விதைப்புக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த மிதமான மழைதான். அறிக்கையில் வரும் ‘ஓரிரு இடங்களில்’ என்ற தொடர், அந்தப் பகுதியிலுள்ள மழைமானிகளில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்பதைக் குறிக்கிறது. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால் பங்குக்கும் மேல். எனவே ஓரிரு இடங்களில் கனமழை என்ற செய்தி அருப்புக்கோட்டைக்கு மெய்யாகி, இருபது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள திருச்சுழிக்குப் பொய்த்துப் போகலாம். அதில் அறிக்கையின் பிழை ஏதுமில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய எச்சரிக்கை நிறங்களும் சேதத்துக்கு ஆயத்தமாவதற்காக ஏற்பட்டவை. விதைப்புக்கு ஏற்ற மழை எது என்று அவை சொல்வதில்லை.

மழை தரும் அமைப்பு கடலில் எங்கே நிற்கிறது என்பது அதன் பெயரைவிட முக்கியமானது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயல் வடக்கே நகர்ந்து ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. இரண்டே வாரம் கழித்து, புயல் என்ற பெயருக்கே தகுதி பெறாத ஒரு வளிமண்டலச் சுழற்சி குமரிக்கடல் பக்கம் நிலைகொண்டபோது, டிசம்பர் 18 காலையுடன் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தென் மாவட்டங்களின் கண்ணுக்கு உகந்த திசை இலங்கையும் குமரிக்கடலும்தான். தொலைக்காட்சியில் சென்னைக்கு நேரே சுழலும் படம் கரிசலுக்கு எந்த உறுதியையும் தருவதில்லை.

பெய்தது நிலத்தில் தங்குமா என்ற சிக்கல் முற்றிலும் வேறான ஒரு நிலத்திலும் உண்டு. காஷ்மீரின் குல்மர்க்கில் பனிச்சறுக்குக்குப் பயணம் திட்டமிடுவோர், எவ்வளவு பனி பொழியும் என்ற முன்னறிவிப்போடு, தரையில் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் அடிப்பனியின் கனத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். வெறுந்தரையில் விழும் புதுப்பனி சறுக்குவதற்கு உதவாமல் கரைந்து போகக்கூடும். 2024 ஜனவரியின் பெரும்பகுதி குல்மர்க் பனியின்றிக் கிடந்தது; 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிப் பற்றாக்குறையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பொழிவது வேறு, தங்குவது வேறு என்பதைப் பனி நாட்டார் இரண்டு தனித்தனி அறிக்கைகளாகவே வைத்திருக்கிறார்கள். கரிசல் நாட்டில் முதல் அறிக்கை கைப்பேசிக்கே வந்துவிடுகிறது; இரண்டாவதைச் சம்சாரி மண்வெட்டியால் தோண்டித்தான் அறிகிறார்.

அந்த மண்ணின் போக்கு விசித்திரமானது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் மழைநீரை வெடிப்புகளின் வழியே அடிக்கு இழுத்துக்கொள்வதால், மேலே விதை கிடக்கும் அடுக்கு எதிர்பார்த்த அளவு நனைவதில்லை. பிறகு களிமண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டால், நீர் உள்ளே இறங்கும் வேகம் மிகவும் குறைந்து, வேகமாகக் கொட்டும் மழை ஓடையில் ஓடுகிறது. ஓர் ஏக்கரில் விழும் 20 மி.மீ. மழை ஏறத்தாழ 80,000 லிட்டர் நீர். அது ஒரு மணி நேரத்தில் கொட்டினால் கண்மாய்க்கும் குண்டாற்றுக்கும் ஆதாயம், இரவெல்லாம் நின்று பெய்தால் காட்டுக்கு ஆதாயம். அறிக்கையின் எண் இரண்டு நாட்களிலும் ஒன்றாகவே இருக்கும். ‘ஓர் உழவு மழை’ என்று ஊரார் அளந்து சொல்வது, மண்ணுக்குள் ஈரம் இறங்கிய ஆழத்தைக் கணக்கில் கொள்வதால், விதைப்புக்கு மில்லிமீட்டரைவிட நெருக்கமான அளவாகும்.

வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை அடுத்த ஐந்து நாட்களுக்கு வெளியாகிறது. நான்கு வாரங்களுக்கான நீள்கால முன்னறிவிப்பு வியாழக்கிழமைகளில் வருகிறது. அதில் நாள் குறிப்பு இராது, இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்ற சாய்வு மட்டுமே இருக்கும். முதல் மழையை ஐந்து நாள் அறிக்கையிலும், அதற்குப் பின்வரும் இடைவெளியை நீள்கால அறிக்கையிலும் தேடுவதே முறை. இடைவெளி இரண்டு வாரத்தைத் தாண்டும் என்று தோன்றினால், விதை முழுவதையும் ஒரே மூச்சில் மண்ணுக்குள் போடாமல் ஒரு பகுதியை வீட்டிலேயே நிறுத்திவைப்பது நல்லது. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது, இந்த நிதானம்கூடப் பெரிதாக உதவவில்லை. ஆனால் மழை வெறுமனே தாமதிக்கும் ஆண்டுகளில், ஐப்பசி கடைசியில் கிடைக்கும் ஈரத்தைப் பருத்திக்குக் கொடுக்காமல், தை, மாசிக் குளிர்ச்சியிலும் அடிமண் ஈரத்திலுமே தேறிவிடும் கொத்தமல்லிக்கு மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கும்.