ஆட்டம் தொடங்குமுன் வெற்றியைக் கணிக்க முடியுமா?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத் தொடக்கத்தில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகள் ஆரம்பமாகின்றன. அடுத்த ஏப்ரல் தொடக்கத்தில் இறுதி ஆட்டம் நடைபெறும். ஆண்கள் முதல்நிலைப் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் சுமார் 30 ஆட்டங்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஒரு பந்துகூடக் கூடைக்குள் விழுவதற்கு முன்பே, எந்த அணி முதலாவது, எந்த அணி இருபத்தைந்தாவது என்ற பட்டியல் அக்டோபரிலேயே வெளிவந்துவிடுகிறது!

இது சோதிடமா? இல்லை. கிடைத்த விவரங்களைக் கொண்டு, கிடைக்காத ஒன்றை மதிப்பிடும் முயற்சிதான் இது. வானிலை அறிவிப்பாளரும் இதைத்தான் செய்கிறார். ஆனால் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் யாரைப் பற்றிக் கணிக்கிறோமோ, அந்த அணியே ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடுகிறது. அந்தச் சிக்கலை எண்களால் எப்படி அவிழ்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

அணி ஏன் கலைகிறது?

உங்கள் பள்ளி அணியை எண்ணிப் பாருங்கள். மேல் வகுப்பு மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள். கீழ் வகுப்புகளிலிருந்து புதியவர்கள் சேருகிறார்கள். கல்லூரி அணியிலும் இதுவே நடக்கிறது. ஆனால் அங்கே வெளியேறும் வாசல்கள் மூன்று.

முதல் வாசல், படிப்பு முடிவது. இரண்டாவது, தொழில்முறை ஆட்டம். எத்தனை திறமை இருந்தாலும் பள்ளிப் படிப்பை முடித்த அமெரிக்க மாணவர் நேரே என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கழகத்தில் சேர முடியாது. அவருக்கு 19 வயதாக வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து இந்த விதி நடைமுறையில் உள்ளது. ஆகவே மிகச் சிறந்த மாணவர்களுள் சிலர் ஒரே ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்றாவது வாசல், வேறு கல்லூரிக்கு மாறுவது.

இந்த மூன்றாம் வாசல் முன்பு குறுகலாக இருந்தது. கல்லூரி மாறும் கூடைப்பந்து மாணவர், சில விதிவிலக்குகள் தவிர, புதிய கல்லூரியில் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஓராண்டை இழக்கப் பலர் தயங்கினார்கள். 2018 அக்டோபரில், மாற விரும்புவோரின் பெயர்களைப் பதியும் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற கணிப்பொறிப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2021 ஏப்ரலில், ஒரு முறை மாறுபவர் காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி குறையாதவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. குறுகிய வாசல் அகன்ற கதவாயிற்று!

விளைவு என்ன? 2025ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மட்டும் ஆண்கள் முதல்நிலைப் பிரிவிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்தப் பதிவேட்டில் பெயர் கொடுத்தார்கள். கணிப்பவரின் தலைவலியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இரு வகைக் கணிப்பு

கணிப்பு இரு வழிகளில் நடைபெறுகிறது. ஒன்று, மனிதர் கருத்து. அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்குக் கேட்கிறது. ஒவ்வொருவரும் 25 அணிகளை வரிசைப்படுத்துவர். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல் தயார்.

மற்றொன்று, கணக்கு வழி. கென் பொமராய் போன்ற புள்ளியியல் ஆர்வலர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். இவர்கள் ஓர் அணி எத்தனை ஆட்டம் வென்றது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. பந்து 100 முறை தன் கைக்கு வந்தால் அந்த அணி எத்தனை புள்ளி எடுக்கிறது, எதிரணிக்கு 100 முறை பந்து கிடைத்தால் எத்தனை புள்ளி கொடுக்கிறது என்று பார்க்கிறார்கள். இந்த இரண்டின் வித்தியாசமே அணியின் வலிமை. எதிரணி வலிமையானதா, மெலிந்ததா என்பதற்கேற்ப இந்த எண்ணைத் திருத்திக்கொள்வார்கள்.

சென்ற ஆண்டின் வலிமை தெரியும். அதை அப்படியே இந்த ஆண்டுக்கும் எழுதிவிடலாமா? கூடாது. ஆட்களே மாறிவிட்டார்களே!

நிமிடங்களை எண்ணுவோம்

கல்லூரி ஆண்கள் ஆட்டம் 40 நிமிடம். ஒரே நேரத்தில் ஐவர் ஆடுவர். ஆகவே ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 5 x 40 = 200 ஆட்ட நிமிடங்கள். கூடுதல் நேரத்தை விட்டுவிட்டால், 30 ஆட்டங்களில் 6,000 நிமிடங்கள்.

ஓர் அணியைக் கற்பனை செய்வோம். சென்ற ஆண்டு அதில் 1,020 நிமிடம் ஆடியவர் படிப்பை முடித்துவிட்டார். 900 நிமிடம் ஆடியவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். 600 நிமிடம் ஆடியவர் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டார். போனது 2,520 நிமிடம். எஞ்சியது 3,480 நிமிடம். அதாவது 58 சதவிகிதம். "இந்த அணியின் ஆட்ட நிமிடங்களில் 58 சதவிகிதம் திரும்பி வருகிறது" என்பார்கள். ஆட்களின் தலையை எண்ணுவதைவிட நிமிடங்களை எண்ணுவது மேல். ஏனெனில் ஆட்டம் முழுவதும் பெஞ்சில் இருந்தவர் போனால் அணிக்கு இழப்பு மிகக் குறைவு.

எஞ்சிய 42 சதவிகிதத்தை யார் நிரப்புவார்கள்? பள்ளியிலிருந்து வரும் புதியவர்களும், பிற கல்லூரிகளிலிருந்து மாறி வருபவர்களும். பள்ளி மாணவரின் திறமைக்குச் சான்று பெரும்பாலும் தேர்வாளர்கள் தரும் தரவரிசைதான். மாறி வருபவரோ ஏற்கெனவே கல்லூரிக் களத்தில் ஆடியவர். அவருக்குப் புள்ளிவிவரங்கள் உண்டு. ஆனால் அந்த எண்களை அப்படியே நம்பலாமா?

ஐவர் உண்டு, பந்து ஒன்றே

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய கல்லூரியில் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுத்த ஒருவர், பெரிய கல்லூரிக்கு வந்தும் 20 எடுப்பார் என்று எண்ணிவிடுகிறார்கள். இதில் இரண்டு திருத்தங்கள் தேவை.

ஒன்று, எதிரணியின் தரம். மெலிந்த தடுப்பாட்டத்துக்கு எதிரே எடுத்த புள்ளிகள், வலிய தடுப்பாட்டத்துக்கு எதிரே குறையும்.

இரண்டு, பங்கு. ஓர் அணியின் தாக்குதல் வாய்ப்புகளை 100 என்று கொண்டால், களத்திலுள்ள ஐவருக்கும் சராசரியாக ஆளுக்கு 20. தத்தம் பழைய அணியில் நட்சத்திரமாக விளங்கிய ஐவரை ஒரே அணியில் சேர்ப்போம். அவர்கள் முன்பு எடுத்துக்கொண்ட பங்குகள் 28, 26, 25, 24, 22 என்றிருக்கட்டும். கூட்டிப் பாருங்கள்: 125! நூறு வாய்ப்புகளில் 125ஐ யாராலும் பயன்படுத்த முடியாது. எல்லாரும் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால்தான் கணக்குச் சரியாகும். 28 என்பது 22.4 ஆகும். முன்பு 20 புள்ளி எடுத்தவருக்கு இப்போது சுமார் 16 தான் கிடைக்கும்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. எறிவது குறைந்தால், கடினமான எறிதல்களைத் தவிர்த்துவிட்டு நல்லனவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அதனால் ஒவ்வோர் எறிதலின் பயனும் சற்று உயரக்கூடும். நல்ல கணிப்பு இரண்டையும் கணக்கில் கொள்ளும்.

கணிப்பு தவறிய ஆண்டுகள்

2012இல் கென்டக்கி பல்கலைக்கழகம் சாம்பியன் ஆயிற்று. அவ்வாண்டு ஜூனில் அதன் ஆறு ஆட்டக்காரர்களை என்.பி.ஏ. அணிகள் எடுத்துக்கொண்டன. எனினும் புதிதாகச் சேர்ந்த பள்ளி நட்சத்திரங்களை நம்பி, செய்தியாளர்கள் அடுத்த பருவத்துக்கு அதனை மூன்றாமிடத்தில் வைத்தார்கள். புதியவர்களுள் முக்கியமான நெர்லன்ஸ் நோயல் 2013 பிப்ரவரியில் முழங்காலில் காயமுற்றார். கென்டக்கிக்குத் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை.

"ஆட்கள் போனதால்தானே இப்படி? பழைய ஆட்கள் அப்படியே இருந்தால் கணிப்பு பலித்திருக்கும்" என்று நீங்கள் சொல்லலாம். அடுத்த எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

2022 ஏப்ரலில் வட கரோலினா பல்கலைக்கழகம் இறுதி ஆட்டம்வரை முன்னேறி, கான்சஸிடம் 69-72 என்ற கணக்கில் தோற்றது. ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் நால்வர் அடுத்த ஆண்டும் திரும்பி வந்தார்கள். செய்தியாளர்கள் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள். நடந்தது என்ன? 20 வெற்றி, 13 தோல்வி! தேசியப் போட்டிக்கே தேர்வாகவில்லை. 1985இல் அப்போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, பருவத்துக்கு முன் முதலிடம் பெற்ற ஓர் அணிக்கு இக்கதி நேர்ந்தது அதுவே முதல் முறை.

காரணம் இரண்டு. திரும்பி வராத அந்த ஐந்தாமவர் பிராடி மானெக், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களில் நூற்றுக்குச் சுமார் 40 ஐக் கூடைக்குள் போட்டவர். அவருக்கு ஈடாக வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தும் அந்த இடம் நிரம்பவில்லை. அணியின் மூன்று புள்ளி எறிதல் விகிதம் சுமார் 36 இலிருந்து 31 சதவிகிதத்துக்கு இறங்கிற்று. ஆட்ட நிமிடங்களின் விகிதம் 'எவ்வளவு' திரும்புகிறது என்று சொல்லும். 'எது' திரும்பவில்லை என்று சொல்லாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. 2022 பருவத்தின் பெரும்பகுதியில் அந்த அணி நடுத்தரமாகவே ஆடிற்று; தேசியப் போட்டியின் தன் பிரிவில் எட்டாம் தரத்தில்தான் நுழைந்தது. கடைசி ஆறு ஆட்டங்களின் ஒளியில் முந்தைய 30க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் மங்கிவிட்டன. சிறு மாதிரியைக் கொண்டு பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்பது புள்ளியியலின் முதற்பாடம்.

அதே பருவத்தில் 2023 ஏப்ரலில் சாம்பியன் ஆனது கனெக்டிகட் பல்கலைக்கழகம். அக்டோபர் பட்டியலின் 25 இடங்களில் அதன் பெயரே இல்லை! மாறி வந்தவர்கள் பழையவர்களோடு நன்கு பொருந்திவிட்டார்கள்.

ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் வியப்பானது. 2020-21இல் 2 வெற்றி, 22 தோல்வி. புதிய பயிற்சியாளரும் மாறி வந்த ஆட்டக்காரர்களும் சேர்ந்ததும் 2021-22இல் 22 வெற்றி, 13 தோல்வி. தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகளுள் ஒன்று. பழைய வலிமையை மட்டும் கொண்டு கணித்தவர்கள் அங்கே கோட்டைவிட்டார்கள்.

புதிய சான்று வந்தால்

கணிப்பு தவறலாம் என்றால் அதனால் என்ன பயன்? நல்ல கணிப்பாளர் தம் எண்ணைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்வதில்லை. ஆட்டங்கள் நடக்க நடக்கத் திருத்துகிறார்.

சராசரி அணியைவிட, நூறு முறைக்கு 16 புள்ளி மேல் என்று ஓர் அணியை மதிப்பிட்டோம் என்க. ஆறு ஆட்டங்கள் முடிந்தன. களத்தில் கண்டது 4 புள்ளி மேன்மையே. எதை நம்புவது? முன்கணிப்புக்கு 12 ஆட்டங்களின் எடை கொடுப்போம்:

(12 x 16 + 6 x 4) ÷ 18 = 12

ஆகப் புதிய மதிப்பீடு 12. இருபத்து நான்கு ஆட்டங்கள் ஆடிய பிறகும் களத்து எண் 4 ஆகவே இருந்தால், (12 x 16 + 24 x 4) ÷ 36 = 8. முன்கணிப்பின் பிடி மெல்ல மெல்லத் தளர்வதைக் கவனியுங்கள்.

அணி முழுவதும் புதியவர்களாக இருந்தால்? நம் முன்கணிப்பிலேயே நமக்கு உறுதி குறைவு. அதற்கு 6 ஆட்டங்களின் எடைதான் தருவோம். அப்போது ஆறு ஆட்டங்களுக்குப் பின், (6 x 16 + 6 x 4) ÷ 12 = 10. அதே முன்கணிப்பு, அதே ஆட்டங்கள், விடை வேறு! ஆட்கள் மாறுவதால் கணித்த எண் மட்டுமல்ல, அதன் மேல் நாம் வைக்க வேண்டிய நம்பிக்கையின் அளவும் மாறுகிறது. இந்த எடைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. உண்மையில் பழைய பருவங்களின் முடிவுகளோடு ஒப்பிட்டே எடையைத் தீர்மானிக்கிறார்கள்.

எண்ணுக்குப் பின்னே மாணவர்

ஒன்றை மறந்துவிடக்கூடாது. "42 சதவிகிதம் போயிற்று" என்ற எண்ணுக்குள் 19, 20 வயது மாணவர்கள் இருக்கிறார்கள். தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெற 2021 ஜூலையில் அவர்களுக்கு அனுமதி கிடைத்தது; 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். சிலருக்கு மாறுதல் பெரிய வாய்ப்பு. 2025 சாம்பியன் ஆன புளோரிடா பல்கலைக்கழகத்தின் முன்னணி ஆட்டக்காரர் வால்ட்டர் கிளேட்டன், அயோனா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். ஆனால் பதிவேட்டில் பெயர் கொடுத்த எல்லாருக்கும் புதிய இடம் கிடைப்பதில்லை. அவர்கள் விட்டு வந்த இடமும் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. கல்லூரி மாறும்போது முன்பு படித்த பாடங்கள் அனைத்தும் புதிய இடத்தில் செல்லுபடியாகும் என்பதும் உறுதியில்லை. அணியைக் கணிக்கலாம்; ஒரு மாணவரின் எதிர்காலத்தை எந்தப் பட்டியலாலும் கணித்துவிட முடியாது.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் ஏதேனும் ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு யார் யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எத்தனை சதவிகிதம் இவ்வாண்டு திரும்புகிறது? அணி எத்தனை ஆட்டங்களில் வெல்லும் என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் கணிப்பில் உங்களுக்கு எவ்வளவு உறுதி என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஆண்டு முடிவில் எடுத்துப் பாருங்கள். பலித்ததா என்பதைவிட, தவறியிருந்தால் எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பதே அறிவியல்.