பழைய அட்டையா, புதிய அட்டையா?

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், பெண்ணாடத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எழுதி வாங்கிய துண்டுச் சீட்டு அவன் கையில் இருந்தது. கணிப்பொறிக்கு வரைகலை அட்டை, அதாவது கிராபிக்ஸ் கார்டு, வாங்க வேண்டும். கரும்பு விற்ற பணத்திலிருந்து அப்பா ஒரு தொகை கொடுத்திருக்கிறார். தவறாக வாங்கிவிட்டால் மறுபடி வாங்க வழியில்லை.

"புதுசுதான் நல்லதுன்னு கடையில சொல்றாங்க சார். ஆனா பழசுலதான் நம்பர் எல்லாம் பெருசா இருக்கு. எதை வாங்கலாம்?" என்று கேட்டான்.

மாணவர்களே! நியாயமான கேள்விதான். சீட்டில் இருந்தவை என்விடியா நிறுவனத்தின் இரண்டு அட்டைகள். ஒன்று 2021இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3060, மற்றது 2023இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4060. அவற்றின் விவரங்களை நீங்களும் பாருங்கள். முதல் எண் பழையதற்கு, அடுத்தது புதியதற்கு.

கணக்கிடும் அலகுகள்: 3,584, 3,072
உச்ச அலைவெண்: 1.78 ஜிகாஹெர்ட்ஸ், 2.46 ஜிகாஹெர்ட்ஸ்
நினைவகம்: 12 ஜிகாபைட்; 8 ஜிகாபைட்
நினைவகப் பாதையின் அகலம்: 192 பிட், 128 பிட்
ஒரு கம்பியில் நொடிக்குச் செல்வது: 15 ஜிகாபிட், 17 ஜிகாபிட்
மின்திறன்: 170 வாட், 115 வாட்

அலகுகள், நினைவகம், பாதை ஆகிய மூன்றிலும் பழையதே பெரிது. அப்படியானால் புதியது ஏமாற்று வேலையா? அவசரப்பட வேண்டாம். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அட்டையின் வேலை என்ன?

நம் திரையில் பொதுவாக 1,920 பத்திகளிலும் 1,080 வரிசைகளிலும் படப்புள்ளிகள் உள்ளன. மொத்தம் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு நொடியும் சுமார் 12.4 கோடி புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒரே ஆள் இதைச் செய்ய இயலாது. ஆகவே ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களை ஒரே சமயத்தில் வேலை வாங்குகிறது வரைகலை அட்டை. அவர்களே மேலே சொன்ன அலகுகள்.

முதற் கணக்கு: வேகம்

நாற்று நடும் ஆட்கள் எத்தனை பேர் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. ஒருவர் எவ்வளவு விரைவாக நடுகிறார் என்பதும் தெரிய வேண்டும். அதேபோல் அலகுகளின் எண்ணிக்கையை அலைவெண்ணால் பெருக்க வேண்டும். ஓர் அலகு ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்வதால் 2 ஆலும் பெருக்குகிறோம். பழைய அட்டைக்கு நொடிக்கு ஏறத்தாழ 12.8 லட்சம் கோடி செயல்கள் கிடைக்கின்றன, புதியதற்கு 15.1 லட்சம் கோடி. ஆட்கள் குறைந்தும் வேலை கூடிவிட்டது!

இரண்டாம் கணக்கு: பாதை

கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் செல்லும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலைக்கு நாளொன்றுக்கு வந்து சேரும் கரும்பு சாலையின் அகலத்தையும் வண்டிகளின் வேகத்தையும் பொறுத்தது. இங்கும் அகலத்தை வேகத்தால் பெருக்கி, பிட்டுகளைப் பைட்டுகளாக்க 8 ஆல் வகுக்க வேண்டும். பழையதில் நொடிக்கு 360 ஜிகாபைட். புதியதில் 272 தான்.

ஒரு வேடிக்கை: 1999இல் வந்த ஜிஃபோர்ஸ் 256 என்னும் அட்டையிலும் பாதையின் அகலம் இதே 128 பிட்தான். ஆனால் அதில் நொடிக்கு ஏறத்தாழ 2.7 ஜிகாபைட்டே சென்றது. அகலம் மாறவில்லை; போக்குவரத்து நூறு மடங்காகிவிட்டது.

பாதை குறுகியதை ஈடுகட்டப் பொறியாளர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். சமையல் செய்பவர் ஒவ்வொரு சிட்டிகைக் கடுகுக்கும் உக்கிராண அறைக்கு ஓடுவதில்லை. அஞ்சறைப் பெட்டி அடுப்பருகே இருக்கிறது. அதுபோல் சில்லின் உள்ளேயே இருக்கும் 'கேஷ்' என்னும் சிறு நினைவகத்தை 3 மெகாபைட்டிலிருந்து 24 மெகாபைட்டாகப் பெருக்கினார்கள். வெளியே ஓடும் தேவை குறைந்தது. அதனால்தான் பெரும்பாலான விளையாட்டுகளில் புதிய அட்டையே சற்று முந்துகிறது.

மூன்றாம் கணக்கு: ஆற்றல்

விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சூளையின் சிறப்பு அதன் பருமனில் இல்லை. ஒரு பாண்டத்தைச் சுட எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்பதில்தான் இருக்கிறது. அட்டைக்கும் அதுவே உரைகல். நொடிக்கான செயல்களை வாட்டால் வகுத்தால், ஒரு ஜூல் ஆற்றலுக்கு எத்தனை செயல்கள் என்பது கிடைக்கும். பழையதில் சுமார் 7,500 கோடி. புதியதில் 13,100 கோடி. டிரான்சிஸ்டர்கள் சிறுத்தால், ஒவ்வொரு முறையும் மாறுவதற்கு அவை எடுத்துக்கொள்ளும் மின்னேற்றமும் குறையும். இரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த உண்மையான முன்னேற்றம் இதுவே.

அப்படியானால் எதை வாங்குவது?

நான் அந்த மாணவனிடம் திருப்பிக் கேட்டேன்: "இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?"

"மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பழகணும் சார்" என்றான்.

உடனே கணக்கு மாறிவிட்டது. 500 கோடி எண்கள் கொண்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். எண்ணுக்கு 2 பைட் வீதம் அதற்கு 10 ஜிகாபைட் இடம் வேண்டும். 12 ஜிகாபைட் அட்டையில் அது அடங்கும். 8 ஜிகாபைட்டில் அடங்காது. மீதியைக் கணிப்பொறியின் பொது நினைவகத்திலிருந்து வரவழைக்க வேண்டும். அந்த வழியிலோ புதிய அட்டைக்கு நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட்தான் வரும். கணக்கர்கள் எவ்வளவு விரைவானவர்களாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே அவனுக்கு ஏற்றது பழைய அட்டை. விளையாட்டுக்கு மட்டும் என்றிருந்தால் புதியதையே சொல்லியிருப்பேன். ஒன்றை மட்டும் எச்சரித்து அனுப்பினேன்: 2022இல் இதே 3060 என்ற பெயரில் 8 ஜிகாபைட் நினைவகமும் 128 பிட் பாதையும் கொண்ட அட்டையும் வெளிவந்தது. பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது. பெட்டியின் மேல் உள்ள விவரத்தைப் படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

2017இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 டிஐ அட்டையின் விவரம்: அலகுகள் 3,584, அலைவெண் 1.58 ஜிகாஹெர்ட்ஸ், பாதை 352 பிட், கம்பிக்கு 11 ஜிகாபிட், 250 வாட். மேற்கண்ட மூன்று கணக்குகளையும் இதற்குப் போடுங்கள். பாதையில் இது மற்ற இரண்டையும் வென்றுவிடும். ஒரு ஜூலுக்கு எத்தனை செயல்கள் என்பதில் எந்த இடத்தில் நிற்கிறது? விடை கண்டபின், வீட்டில் மின்கட்டணம் செலுத்துபவரிடமும் அதைக் காட்டுங்கள்.