நான்காவது மணி நேரத்தின் சுகம்: க்ரூஸரா, டூரிங் வண்டியா?

புணேயில் பணியாற்றும் எம் வாடிக்கையாளர் ஒருவர், வாகனக் கடனின் பதினான்காம் தவணையைச் செலுத்திய கையோடு கிளைக்கு வந்து, வண்டியை விற்றுக் கடனை முடித்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டார். வண்டியில் பழுது ஏதுமில்லை. தாழ்ந்த இருக்கையும், அகன்ற ஹேண்டில்பாரும், நீர்த்துளி வடிவப் பெட்ரோல் தொட்டியும் கொண்ட அழகான க்ரூஸர் அது. அலுவலகம் சென்று வர அவருக்கு அதைவிடப் பிடித்த வண்டி வேறில்லை. ஆனால் மனைவியுடன் இருமுறை மகாபலேஷ்வர் சென்று வந்த பின், மூன்றாம் முறை அம்மையார் வர மறுத்துவிட்டார். வாயி ஊரைத் தாண்டி பசர்ணி மலைப்பாதை ஏறுவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது என்பது அவர் சொன்ன காரணம். விற்றால் கிடைக்கக்கூடிய தொகையையும் மீதமிருந்த கடனையும் அருகருகே எழுதிக் காட்டியபோது, வாடிக்கையாளர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

இத்தகைய உரையாடல் கடன் வழங்குவதற்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். எந்த வண்டிக்குக் கடன் கேட்டாலும் வங்கிக்கு வட்டி ஒன்றுதான். ஆனால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தவணை செலுத்தப் போகிறவருக்கு, தாம் வாங்குவது எத்தகைய சுகம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

க்ரூஸர் என்னும் வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. ஹார்லி டேவிட்சன், இந்தியன் ஆகிய நிறுவனங்கள் 1930களிலிருந்து உருவாக்கிய பெரிய வண்டிகளின் தோற்றத்தைப் பின்பற்றியது. வளைவில்லாத நெடுஞ்சாலையில், அவசரமில்லாமல், கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்து அமர்ந்து செல்வதற்கென அமைந்தது. நம் நாட்டில் இதை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்த்தது 2005இல் வந்த பஜாஜ் அவெஞ்சர். 2020இல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 இன்று இவ்வகையில் பலரும் முதலில் விசாரிக்கும் வண்டி.

டூரிங் வண்டி என்றால் மேலைநாடுகளில் பொருள் வேறு. 1975இல் அறிமுகமான ஹோண்டா கோல்டு விங் போன்ற, காற்றுத் தடுப்பும் பெட்டிகளும் சாய்மானமும் வண்டியோடு சேர்ந்தே வரும் பேருருவங்களையே அங்கு அப்பெயரால் குறிப்பர். அவற்றின் விலையில் நம் ஊர்களில் சொகுசுக் கார் வாங்கலாம். ஆகவே இந்தியாவில் டூரிங் என்று கேட்பவருக்குக் கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் அட்வெஞ்சர் டூரர் எனப்படும் உயர்ந்த, ஒல்லியான வண்டிகளையே. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், சுஸுகி வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ். முதலியன இவ்வகை. பள்ளமும் சரளையும் நிறைந்த சாலைகளுக்கு இவை பொருந்துவதால், இந்தப் பொருள்மாற்றம் நமக்கு நன்மையாகவே முடிந்திருக்கிறது.

உடலின் எடை எங்கே இறங்குகிறது?

ஷோரூமில் க்ரூஸரில் அமர்ந்தவுடன் தோன்றும் சுகம் பொய்யன்று. கால்கள் தரையில் ஊன்றுகின்றன, தோள்கள் தளர்கின்றன, முதுகு நிமிர்கிறது. ஆனால் அது நிற்கும் வண்டியின் சுகம். கால்தாங்கிகள் உடலுக்கு முன்னே அமைந்திருப்பதால், கால்கள் எடையைத் தாங்குவதில்லை. ஏறத்தாழ முழு எடையும் இடுப்பெலும்பின் அடியிலும் வால் எலும்பிலும் இறங்குகிறது. நாற்காலியில் அமர்ந்து கால்களை முன்னே நீட்டி, அந்த நிலையிலேயே எழ முயன்று பாருங்கள்; இயலாது. பள்ளம் வரும்போது க்ரூஸர் ஓட்டுநரின் நிலையும் அதுவே. அதிர்வு நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது.

டூரிங் வண்டியில் கால்தாங்கிகள் இடுப்புக்கு ஏறக்குறைய நேர்கீழே இருக்கும். முழங்கால் சற்று மடிந்திருக்கும். மோசமான இடத்தில் கால்களை ஊன்றி இருக்கையிலிருந்து எழுந்துகொள்ளலாம். முழங்கால்களே அதிர்வு தாங்கிகளாகிவிடும். பத்து நிமிட ஓட்டத்தில் இந்த வேறுபாடு புலப்படாது. நான்காவது மணி நேரத்தில் வேறெதுவும் புலப்படாது.

இருக்கையின் உயரத்துக்கும் இதில் பங்குண்டு. இருக்கையைத் தாழ்த்த வேண்டுமாயின் சக்கரம் மேலெழுந்து இறங்குவதற்கான இடத்தைக் குறைத்தாக வேண்டும். மீட்டியோர் 350இன் இருக்கை உயரம் 765 மி.மீ.; அதன் முன் சஸ்பென்ஷன் 130 மி.மீ. அளவுக்கு அமுங்கும். ஹிமாலயன் 450இன் இருக்கை 825 மி.மீ.; சஸ்பென்ஷன் 200 மி.மீ. அமுங்கும். உயரம் தரும் தொல்லையும், பள்ளத்தை விழுங்கும் திறனும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். ஒன்றை மட்டும் வாங்க இயலாது.

எனினும் உயரத்தின் தொல்லையைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. ஐந்தடி மூன்றங்குல உயரமுள்ளவர், பின்னால் ஒருவரும் பெட்டிகளும் இருக்க, சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தி விரல்நுனிகளை மட்டும் ஊன்றி நிற்பது சுகமும் அன்று, பாதுகாப்பும் அன்று. 196 கிலோ எடை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினால் தடுத்து நிறுத்துவது கடினம். உயரம் குறைந்தவர்களுக்கும், முழங்கால் வலி உள்ள மூத்தவர்களுக்கும், நகர நெரிசலில் நிமிடத்துக்கு ஒருமுறை காலூன்ற வேண்டியவர்களுக்கும் க்ரூஸரின் தாழ்ந்த இருக்கை பெரும் வரம். ஆனால் க்ரூஸர் எல்லாமே எளிதானது என்று கொள்ள வேண்டாம். சூப்பர் மீட்டியோர் 650இன் இருக்கை 740 மி.மீ. தான், எடையோ 241 கிலோ. அதன் தரை இடைவெளி 135 மி.மீ. என்பதால், நம் ஊர்த் தெருக்களில் அவரவர் விருப்பப்படி போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளின் மீது அடிப்பாகம் உரசாமல் ஏறி இறங்குவதே தனிக்கலை.

பின்னால் அமர்பவர்

வண்டி வாங்குபவர் அதிகம் எண்ணிப் பார்க்காத மனிதர் இவர். க்ரூஸரில் ஓட்டுநரின் இருக்கைக்கே பெரும்பங்கு இடம் போய்விடுகிறது. பின்னிருக்கை சிறியதாகவும், சில வண்டிகளில் பின்னோக்கிச் சரிந்தும், நேரே பின்சக்கரத்தின் மேலும் அமைந்திருக்கும். ஓட்டுநர் பள்ளத்தை முன்கூட்டியே காண்கிறார். பின்னால் இருப்பவர் அதை இடுப்பால் அறிகிறார். டூரிங் வண்டியின் பின்னிருக்கை பெரும்பாலும் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். பற்றிக்கொள்ளக் கம்பிகள் உண்டு. பின்பெட்டி பொருத்தினால் அதுவே சாய்மானமாகும். ஆனால் ஏறி அமர்வது எளிதன்று. புடவை அணிந்து ஒருக்களித்து அமர்பவருக்கு அந்த உயரம் பெருந்தடை. க்ரூஸருக்கு முதுகுச் சாய்மானம் ஒன்று வாங்கிப் பொருத்துவது பாதி குறையைத் தீர்க்கும். மீதிப் பாதி சஸ்பென்ஷனில் இருக்கிறது, அதற்குப் பொருத்த எதுவுமில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரிய எஞ்சினுக்கு அதிகத் தொகை கேட்பவர்கள் பெரும்பாலும் காட்டும் காரணம் நெடுஞ்சாலை. மைய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, நடுவில் தடுப்புடைய நான்கு வழிச் சாலைகளில் மோட்டார் சைக்கிளின் உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ.; பிற சாலைகளில் 60. அத்துடன், மும்பை–புணே விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான வழித்தடத்திலும் 2023 ஆகஸ்டு முதல் தடை. ஆகவே எவ்வளவு பெரிய வண்டியாயினும் சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுபவர் பழைய நெடுஞ்சாலையில், லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் நடுவே, 80ஐத் தாண்டாமல் செல்லப் போகிறார். அந்த வேகத்துக்கு 350 சி.சி. எஞ்சின் தாராளம். 450 சி.சி.யின் பயன், மலையேற்றத்திலும், இருவரும் சுமையுமாக முந்திச் செல்லும்போதும் தெரியும்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடி வேறு கதை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகப் பெருகுவதால், 60இல் மார்பில் படும் அழுத்தம் 80இல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. க்ரூஸரின் அகன்று நிமிர்ந்த அமர்வு இதை முழுவதும் வாங்கிக்கொள்ளும். சிறிய கண்ணாடி ஒன்று பொருத்திக்கொள்வது கழுத்துக்கும் தோளுக்கும் செய்யும் பேருதவி.

இனி, அழகு. இதை இரண்டாந்தரமாகக் கருதும் அறிவுரைகளில் எமக்கு உடன்பாடில்லை. காலையில் வண்டியை வெளியே எடுக்கும்போது ஒருமுறை நின்று பார்க்கத் தோன்றுவதும் வண்டி தரும் பயன்களில் ஒன்றே. குரோம் பளபளப்பும், நீண்டு தாழ்ந்த உடற்கோடும், எஞ்சினின் நிதானமான ஒலியும் ஒருவருக்கு நிறைவு தருமாயின், நாள்தோறும் பதினைந்து கி.மீ. மட்டும் ஓட்டும் அவர் ஆண்டுக்கு ஒருமுறை செல்லப் போகும் லடாக் பயணத்துக்காக அந்த நிறைவைத் துறக்க வேண்டியதில்லை. அவ்வாறே, வாரந்தோறும் முந்நூறு கி.மீ. செல்பவர் நண்பர்களின் பாராட்டுக்காக க்ரூஸர் வாங்க வேண்டியதுமில்லை. அழகுக்காகப் புகைக்குழாயை மாற்றும் வழக்கத்தை மட்டும் நாம் ஊக்குவிப்பதில்லை. உற்பத்தியாளர் தந்த அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது.

350 சி.சி. என்னும் கோடு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு ஆயிற்று. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இதே கோடு உண்டு. 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 150 முதல் 350 சி.சி. வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய். அதற்கு மேல் 2,804 ரூபாய். புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டை முதலிலேயே எடுக்க வேண்டியிருப்பதால் இவ்வேறுபாடு வாங்கும் நாளிலேயே மொத்தமாக உணரப்படும். டூரிங் என்றாலே இக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதில்லை: 249 சி.சி. வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ். கோட்டுக்கு இப்பால், சூப்பர் மீட்டியோர் என்ற க்ரூஸர் அப்பால்.

கணக்கின் பொருட்டு, இரண்டு லட்ச ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி 11 விழுக்காடு என்று கொள்வோம். மூன்றாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 6,548 ரூபாய். ஐந்தாண்டுத் தவணை 4,348 ரூபாய். பின்னது இலகுவாகத் தோன்றும். ஆனால் மொத்த வட்டி 35,700 ரூபாயிலிருந்து 60,900 ரூபாயாக உயர்கிறது. மேலும், ஐந்தாண்டுத் தவணையில் அசல் மெதுவாகவே குறைவதால், இடையில் விற்க நேர்ந்தால் விலையைவிடக் கடன் மிஞ்சி நிற்கும். எம் புணே வாடிக்கையாளருக்கு நேர்ந்தது அதுவே. பெட்டிகள், கண்ணாடி, சாய்மானம், விழும்போது காக்கும் கம்பிகள் ஆகியவற்றைப் பின்னர் வாங்கினால் அவை கைப்பணத்திலேயே ஆக வேண்டும்; ஆகவே அவற்றின் விலையையும் சேர்த்து முதலிலேயே திட்டமிடுங்கள். பொருத்திய பின் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காத உபகரணங்களுக்கு இழப்பீடு கிடைக்காது.

கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் ஒரு செயலை நாம் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் விரும்பும் வண்டியை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுங்கள். புணே, பெங்களூரு, கோவா, மணாலி போன்ற இடங்களில் இத்தகைய கடைகள் பல உண்டு. வாடகைத் தொகை ஒரு மாதத் தவணையில் சிறு பங்கே. வழக்கமாக உடன் வருபவரைப் பின்னால் அமர்த்தி, வழக்கமான சுமையுடன், போக நூற்றைம்பது வர நூற்றைம்பது கி.மீ. செல்லுங்கள். இறங்கியவுடன் முடிவு செய்ய வேண்டாம். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது முதுகு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பின்னால் அமர்ந்தவரிடமும் கேளுங்கள். எம் வாடிக்கையாளர் இப்போது தம் க்ரூஸரை விற்கவில்லை. அலுவலகத்துக்கு அதையே ஓட்டுகிறார். மகாபலேஷ்வருக்குச் செல்லும்போது மட்டும் உயரமான வண்டி ஒன்று வாடகைக்கு வருகிறது. அதைத் தேர்ந்தெடுப்பவர் அவர் மனைவி.

வாடகை வண்டியின் எண்பலகை கறுப்பு நிறத்தில் மஞ்சள் எழுத்துகளுடன் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தருபவர்களிடம் எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படக்கூடும்.