ஒரு முக்கோணத் துண்டில் பிறக்கும் கோலம்

ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1817இல் காப்புரிமை பெற்ற கலைடாஸ்கோப்பில், சாய்த்து வைத்த கண்ணாடிகள் வண்ணச் சில்லுகளைத் திரும்பத் திரும்பப் பிரதிபலிக்கின்றன. கணினியில் சில்லுகளின் இடத்தில் ஒரு புகைப்படம். கண்ணாடியின் வேலையைப் படத்தொகுப்பு மென்பொருள் செய்துவிடுகிறது.

முதலில் படத்திலிருந்து 30 பாகைக் கோணமுள்ள ஒரு முக்கோணம் வெட்டப்படுகிறது. அதை நகலெடுத்து, இடவலமாகப் புரட்டி, மூலத்தின் விளிம்போடு சேர்த்தால் ஒரு ஜோடி. அந்த ஜோடியை 60 பாகை வீதம் சுழற்றி ஆறு முறை அடுக்கினால் வட்டம் நிறைகிறது. புரட்டுவதில்தான் சூட்சுமம். வெறுமனே சுழற்றினால் விளிம்பில் கோடுகள் அறுந்து நிற்கும். புரட்டிய நகலிலோ ஒவ்வொரு கோடும் தன் பிம்பத்தையே சந்திப்பதால் ஒட்டு தெரியாது. துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டியதும் இதனால்தான். இணைப்பில் மெல்லிய வெள்ளைக்கோடு தெரிந்தால், துண்டுகளை ஒரு பிக்சல் அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் போதும்.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு வடிப்பான் உண்டு. வேகமானதுதான், ஆனால் கையால் செய்து பார்த்தவருக்கே கோணத்தின் கணக்கு பிடிபடும்.

அழகான படம் அழகான கோலத்தைத் தரும் என்பதில்லை. தெளிந்த வானமும் முகங்களும் பெரும்பாலும் ஏமாற்றும். இலை நரம்பு, துருப்பிடித்த கதவு, சந்தையில் குவிந்த மிளகாய் என வரிகளும் நிறமாற்றமும் நெருங்கிய படங்களே சோபிக்கும். வெட்டும் இடத்தைச் சற்று நகர்த்தினாலும் வேறொரு வடிவம் வரும்.