உடல் எடைக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் என்ன தொடர்பு? புனே, வேலூர் ஆய்வுகள் கூறுவது இதுதான்!

நவி மும்பை: மும்பைப் பெருநகரம் உண்ணும் அரிசி, பருப்பு, காய்கறிகளில் பெரும் பங்கு வாஷி மொத்தச் சந்தை வழியாகவே கடைகளுக்குச் செல்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியும் மைதாவும் அங்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. கேழ்வரகும் கொள்ளும் காராமணியும் கீரையும் வருவதும் அதே சந்தைக்குத்தான். இவற்றில் எதை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம் என்பது நமது உடலுக்கான உணவை மட்டும் முடிவு செய்வதில்லை. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கான உணவையும் அதுவே முடிவு செய்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்றும், அவற்றின் மொத்த எடை சுமார் 200 கிராம் என்றும் 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீடு தெரிவிக்கிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

இந்த 200 கிராம் உயிரிகள்தாம் நமது எடையைத் தீர்மானிக்கின்றன என்ற கருத்து அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவியுள்ளது. எடையைக் குறைக்கும் என்ற வாக்குறுதியுடன் 'புரோபயாட்டிக்' மாத்திரைகளும், வீட்டிலேயே மல மாதிரி எடுத்து அனுப்பும் பரிசோதனைப் பெட்டிகளும் விற்கப்படுகின்றன. தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்ட பெண்களின் விகிதம் நாடு முழுவதும் 24 சதவீதமாக இருக்க, தமிழ்நாட்டில் அது 40.4 சதவீதம். ஆண்களில் இது 37 சதவீதம்.

குடலுக்குள் நடப்பது என்ன?: நாம் உண்ணும் சர்க்கரை, கொழுப்பு, புரதம் ஆகியவை பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. நார்ச்சத்தையும், எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தையும் உடைப்பதற்கான நொதிகள் மனித உடலில் இல்லை. அவை பெருங்குடலுக்கு வந்து சேரும்போது பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இந்த அமிலங்கள் உடலுக்குச் சிறிதளவு ஆற்றலைத் தருகின்றன. அதே அமிலங்கள், வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கு உணர்த்தும் ஹார்மோன்களையும் குடல் சுவரிலிருந்து சுரக்கச் செய்கின்றன. ஒரு கையால் கலோரியைக் கொடுத்து மறு கையால் பசியை அடக்கும் இந்த இரட்டைத் தன்மையே ஆய்வாளர்களை இன்றுவரை குழப்பி வருகிறது.

எலிகளில் கிடைத்த முடிவு: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் தலைமையிலான குழு, கிருமிகளே இல்லாத சூழலில் எலிகளை வளர்த்தது. இயல்பான எலிகளின் குடல் பாக்டீரியாக்களை அவற்றுக்குச் செலுத்தியபோது, குறைவாக உண்டபோதிலும் இரண்டே வாரங்களில் அவற்றின் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. இது 2004ஆம் ஆண்டு வெளியானது. 2013இல் அதே குழு, ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த இரட்டையர்களின் குடல் பாக்டீரியாக்களை எலிகளுக்கு மாற்றியது. பருமனானவரின் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகளுக்கே கொழுப்பு அதிகம் சேர்ந்தது. இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது ஒல்லியானவரின் பாக்டீரியாக்கள் மற்ற எலிகளுக்கும் பரவி, கொழுப்பு சேர்வதைத் தடுத்தன. எலிகள் ஒன்றன் எச்சத்தை மற்றொன்று உண்பவை என்பதால் இது எளிதில் நிகழ்ந்தது. ஆனால், கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவு அளிக்கப்பட்ட வரையில்தான் இந்தப் பாதுகாப்பு நீடித்தது. கொழுப்பு மிகுந்து, பழங்களும் காய்கறிகளும் குறைந்த உணவைக் கொடுத்தபோது அது மறைந்துவிட்டது. விளம்பரங்கள் விட்டுவிடுவது இந்தப் பின்பகுதியைத்தான்.

புனேயும் வேலூரும்: எலிகளில் கண்டது மனிதர்களிடம் அவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை. குடல் பாக்டீரியாக்களின் இரு பெரும் பிரிவுகளான ஃபெர்மிக்யூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் ஆகியவற்றின் விகிதமே பருமனின் அடையாளம் என்று முதலில் கருதப்பட்டது. வாஷியிலிருந்து விரைவுச் சாலையில் சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள புனே தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஒல்லியானவர்கள், இயல்பான எடையினர், பருமனானவர்கள், பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என நான்கு பிரிவினரை ஒப்பிட்டது. அந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க போக்கு எதுவும் காணப்படவில்லை. மாறாக, பருமனானவர்களிடம் பாக்டீராய்ட்ஸ் என்ற ஒரு பேரினம் மிகுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அது ஒப்பீட்டளவில் குறைந்து காணப்பட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் கண்டது இன்னும் வியப்புக்குரியது. அது குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு என்றாலும் இங்கே குறிப்பிட வேண்டியதாகிறது. 'நல்ல பாக்டீரியா' என்று பரவலாகப் போற்றப்படும் ஃபேகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி, பருமனான குழந்தைகளிடமே அதிகமாக இருந்தது. ஆக, நல்லது, கெட்டது என்று பாக்டீரியாக்களுக்கு முத்திரை குத்தி, மலப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டு எடையைக் கணிக்க முயல்வது அறிவியலுக்கு முந்திக்கொண்டு ஓடுவதாகும்.

மாத்திரையால் எடை குறையுமா?: ஒல்லியானவர்களின் குடல் பாக்டீரியாக்களை மாத்திரை வடிவில் பருமனானவர்களுக்குக் கொடுத்த சோதனைகளின் முடிவுகள் 2020இல் வெளியாகின. போலி மாத்திரை உட்கொண்டவர்களைவிட இவர்களுக்கு எடை கூடுதலாகக் குறையவில்லை. பெல்ஜியத்தில் அக்கெர்மான்சியா என்ற பாக்டீரியாவை மூன்று மாதங்கள் உட்கொண்டவர்களிடம் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. எடையில் காணப்பட்ட சிறு குறைவோ, தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இல்லை.

உணவை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 17 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான சோதனை விடையளிக்கிறது. பதப்படுத்தப்பட்ட மேற்கத்திய உணவையும், நார்ச்சத்து மிகுந்த முழு உணவையும் அவர்கள் மாறி மாறி உண்டனர். முழு உணவை உண்ட காலத்தில், உடல் உறிஞ்சாமல் மலத்துடன் வெளியேறிய ஆற்றல் நாளொன்றுக்குச் சராசரியாக 116 கலோரி அதிகமாக இருந்தது. பசியும் கூடவில்லை. 116 கலோரி என்பது ஏறக்குறைய இரண்டு இட்லிகளுக்குச் சமம். ஒரு நாளில் இது சிறிய அளவுதான். ஆண்டுக்கணக்கில் பார்க்கும்போது அப்படியல்ல.

இடம்பெயர்வும் குடலும்: மும்பைத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய மற்றோர் ஆய்வு 2018இல் வெளியானது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹமோங், கரேன் மக்களிடம், குடியேறிய சில மாதங்களிலேயே குடல் பாக்டீரியாக்களின் பன்முகத்தன்மை குறையத் தொடங்கியது. நார்ச்சத்து உணவுடன் தொடர்புடைய பிரிவோடெல்லா குறைந்து, பாக்டீராய்ட்ஸ் கூடியது. அடுத்த தலைமுறையில் இழப்பு மேலும் பெருகியது. பருமனானவர்களிடம் அது கூடுதலாகவே இருந்தது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த தாத்தாவின் தட்டும், வாஷி அடுக்குமாடிக் குடியிருப்பில் வடாபாவும் பிஸ்கட்டும் உண்டு வளர்ந்த பேரனின் தட்டும் ஒன்றல்ல. கடல் கடக்காமலேயே உணவு மாறிவிடுகிறது.

பழைய சோறு: ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது என்பது உண்மை. ஆயினும், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோறு குறித்து மேற்கொள்ளப்பட்ட ஆய்வு குடல் நோயாளிகளை முன்னிட்டது. எடைக் குறைப்புக்கானது அன்று. தட்டு நிறையப் பழைய சோறு உண்டால் கலோரியும் தட்டு நிறையவே சேரும்.

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு சுமார் 30 கிராம் நார்ச்சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பயறு வகைகள், கீரை, சிறுதானியம், தோலுடன் உண்ணும் பழங்கள் ஆகியவற்றிலிருந்து இதைப் பெறலாம். ஒரேயடியாகக் கூட்டினால் வயிற்று உப்புசம் ஏற்படும் என்பதால், சில வாரங்களில் படிப்படியாக உயர்த்துவதும் போதிய நீர் அருந்துவதும் நல்லது. குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் நார்ச்சத்தைக் கூட்டும் முன்பும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் புரோபயாட்டிக் மாத்திரைகளை உட்கொள்ளும் முன்பும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.