எட்டுக்காலாருக்குக் கோபம் வருமா?

2021 ஜூலை. சென்னையில் சுங்க இலாகாவினர் ஒரு தபால் பார்சலைப் பிரித்தார்கள். போலந்து நாட்டிலிருந்து வந்த தெர்மோகோல் பெட்டி. உள்ளே வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் உயிரோடு ஒரு சிலந்தி! பெறுநர் விலாசம் எந்த ஊர் என்கிறீர்கள்? அருப்புக்கோட்டை.

எங்கள் மாப்பிள்ளையூரணியிலிருந்து தூத்துக்குடி போய் மதுரை பஸ் ஏறினால், எட்டயபுரம் தாண்டி வருமே, அதே அருப்புக்கோட்டைதான். (ஊர்ப் பெயரைப் பார்த்து நான் மாமனார் வீட்டோடு இருப்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பிறந்த ஊரே இதுதான்!)

வந்தவை மெக்சிகோ பக்கத்து டரான்டுலா இனங்கள். உள்ளங்கை அகலத்துக்கு வளரும், உடம்பெல்லாம் ரோமம். விலங்கியல் நிபுணர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்ப உத்தரவானது.

டீக்கடையில் இந்தப் பழைய சமாசாரத்தை நான் எடுத்துவிட, அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "வளக்கணும்னா ஒண்ணு போதாதா? நூத்தியேழு எதுக்குவே?"

பி.காம் படித்தவன் என்ற முறையில் 'அது ஸ்டாக்' என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் பக்கத்தில் இருந்த நண்பன் வேறு சொன்னான். துறைமுகத்தில் ஷிப்பிங் ஆபீஸ் வேலை, வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் படிப்பான். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணமாம்ல. ஒண்ணு சாதுவாம். ஒண்ணு மூடியைத் திறந்தாலே சண்டைக்கு வருமாம். பேரெல்லாம் வச்சிருக்கானுவ!"

அண்ணாச்சி நம்பவில்லை. "எங்க வீட்டு ஆளுக்கே தெனம் ஒரு குணம். பூச்சிக்கு ஏதுவே நிரந்தரக் குணம்?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி யோசித்தால், அண்ணாச்சி கேட்டதுதான் விஞ்ஞானக் கேள்வி! இன்றைக்குப் பாய்ந்து நாளைக்குப் பதுங்கினால் அது குணம் இல்லை, அன்றைய மூடு. பத்து நாள் பார்த்தாலும் 'அ' என்ற சிலந்தி 'ஆ' என்ற சிலந்தியைவிடத் துணிச்சலாகவே இருந்தால்தான் அதைத் தனிக்குணம் என்பார்கள்.

டரான்டுலாவிடம் இதைக் கண்டுபிடிப்பது லேசில்லை. எட்டுக் கண் இருந்தும் பார்வை சுமார்தான். கால் ரோமத்தில் படும் அதிர்வுதான் அதற்கு உலகம். சட்டை உரிக்கப் போகிறதென்றால் வாரக்கணக்கில் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்துவிடும். வளர்ப்பவர் 'பாவம், கூச்ச சுபாவம்' என்பார். வயசுக்கு வந்த ஆண், பெண் தேடி ராப்பகலாய் அலையும். 'சுறுசுறுப்பு' என்பார். குளிர் அடித்தால் சோம்பல், பசித்தால் பாய்ச்சல். நாம் கோபம் என்று பெயர் வைப்பதில் பாதி, வயிற்றுக் கணக்கு.

ஆனாலும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஸூஸன் ரீச்சர்ட் என்ற அம்மாள், புல்வெளியில் வலை கட்டும் ஒரு சின்னச் சிலந்தி இனத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். வறண்ட காட்டில் இருப்பவை முரடு, ஆற்றங்கரையில் இருப்பவை பயந்தாங்கொள்ளி. குஞ்சுகளைப் பரிசோதனைக்கூடத்தில் வளர்த்தாலும் அந்த வித்தியாசம் போகவில்லை. குணம் ரத்தத்திலேயே கொஞ்சம் ஊறியிருக்கிறது!

நம் பக்கத்திலேயே ஒரு ஆராய்ச்சி உண்டு. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற ஆந்திராவின் குப்பம் வட்டாரத்தில், கூட்டுக்குடும்பமாக வலை கட்டி வாழும் சிலந்திகள் இருக்கின்றன. லேனா கிரின்ஸ்டெட் என்பவரும் மற்றவர்களும் இவற்றைப் பரிசோதித்து 2013-ல் கட்டுரை போட்டார்கள். முறை ரொம்ப எளிது. சிலந்தி மேல் 'புஸ்'ஸென்று காற்று ஊதுவது. பறவை வந்துவிட்டது என்று அது காலைச் சுருட்டிக்கொள்ளும். மறுபடி நகர எத்தனை விநாடி என்று எண்ணுவது. சீக்கிரம் எழுந்தால் தைரியசாலி. அந்தத் தைரியசாலிகள்தான் வலையில் பூச்சி விழுந்ததும் முதலில் ஓடிப் போய்ப் பிடிக்கின்றன. மற்றதெல்லாம் பந்தி போட்டதும் வருகிற கூட்டம். (எல்லா ஆபீஸிலும் உண்டு ஸார்.)

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை.

இந்தத் துறையின் நட்சத்திரம் ஜோனதன் ப்ரூயிட். மேற்படி ரீச்சர்ட்டின் சிஷ்யர். குப்பம் கட்டுரையிலும் இவர் பெயர் உண்டு. பிற்பாடு கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி. இவர் தந்த சிலந்திக் கணக்குகளை வைத்துக் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் கேட் லாஸ்கோவ்ஸ்கி. ஒரு நாள் பழைய எண்களை மறுபடி புரட்டியபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதிய விநாடிகள், வேறு வேறு சிலந்திகளுக்கு அச்சடித்த மாதிரி ஒரே எண்கள்!

நான் இரண்டு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் டிக் அடித்தவன். பெட்ரோல் பில் ஏழும் 312 ரூபாய் 40 காசு என்று வந்தால் முதலாளி முகத்தை நிமிர்ந்து பார்ப்போமே, அதே சங்கதி. ஆனால் அந்தப் பெண் செய்ததை நான் செய்திருப்பேனா தெரியாது. பெயர் வாங்கித் தந்த தன் கட்டுரைகளைத் தானே வாபஸ் வாங்கினார். 2020 ஜனவரியில் விஷயம் வெடித்தது. அடுத்தடுத்து மற்றவர்களும் கணக்கைப் புரட்ட, பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வாபஸ். 2022-ல் ப்ரூயிட் பதவியை விட்டு விலகினார்.

அதனால் சிலந்திக்குக் குணமே கிடையாது என்று ஆகிவிடாது. பல ஊர்களில் பலர் தனித்தனியாக எண்ணியது அப்படியே இருக்கிறது. எந்தப் பக்கத்தை நம்புவது என்று தேடுகிற வேலைதான் மற்றவர்கள் தலையில் விழுந்தது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? நமக்கும் சொந்தமாக ஒரு டரான்டுலா இருக்கிறது! தூத்துக்குடிக்கு வடக்கே இதே மன்னார் வளைகுடாக் கரையோரம் போனால் மண்டபம், ராமேஸ்வரம். அங்கே மரப்பொந்துகளில் வாழும் ஒரு சிலந்தியை 2004-ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற பிரிட்டிஷ்காரர் உலகத்துக்கு அறிமுகம் செய்தார். வைத்த பெயர் 'ஹனுமவிலாசுமிகா'. ராமேஸ்வரத்து அனுமார் கோயில் பெயரை ஒட்டியது. பிற்பாடு கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மன்னாரிலும் இருப்பதாகக் கட்டுரை வந்தது. அனுமார் பேர் கொண்டது, தாண்டாமல் இருக்குமா?

பெருமைப்படுவதற்குள் இன்னொரு செய்தி. மிகவும் அழியும் ஆபத்தில் உள்ளவை பட்டியலில் இது 2008-லேயே ஏறிவிட்டது. தோப்புகளை வெட்டுவது ஒரு பக்கம். அழகாயிருக்கிறது என்று பிடித்து வெளிநாட்டில் விற்பது இன்னொரு பக்கம். 2019-ல் இந்தப் பேரினம் முழுவதையும் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். அனுமதிச் சீட்டில்லாமல் இப்போது எல்லை தாண்டக் கூடாது. வாங்குகிறவன் 'என் சிலந்திக்குத் தனிக் குணம்' என்று கொஞ்சும்போது, தோப்பில் ஒரு பொந்து காலியாகியிருக்கலாம்.

நண்பன் ஒன்று வாங்கலாமா என்று கேட்டான். வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டிலிருக்கும் இலவசச் சரக்கையே ஆராய்வோம் என்று இறங்கினேன். காலண்டருக்குப் பின்னால் ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி, பாத்ரூமில் இன்னொன்று. ஸ்ட்ராவால் ஊதி, கைக்கடிகாரம் பார்த்து, நோட்டில் எழுதினேன். என் மனைவி பார்த்த பார்வையை எழுத இடமில்லை.

ஐந்து ராத்திரி. பாத்ரூம்காரர் எட்டு, பத்து விநாடியில் எழுந்துவிடுவார். காலண்டர்காரர் நாற்பதுக்குக் குறையமாட்டார். அடடா, துணிச்சல்காரர் ஒருவர், கூச்சக்காரர் ஒருவர்! மூன்றாம் ராத்திரி தூக்கம் சொக்கியது. காலண்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் '42' என்று எழுதிவிட்டுப் படுத்தேன். எப்படியும் அதுதானே வரப்போகிறது?

ஆறாம் நாள் காலண்டரை மெதுவாகத் தூக்கினேன். கூச்சக்காரர் வயிற்றுக்கு அடியில் வில்லை மாதிரி வெள்ளையாய் எதையோ இடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். முட்டைப் பை!

நோட்டை எடுத்து மூன்றாம் நாள் 42-ஐ அடித்தேன். "காலண்டரை யாரும் தொடாதீங்க" என்று மனைவி பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எங்கள் வீட்டில் பத்து நாளாக ஒரே தேதிதான்.